முடிவுறு அமைப்புகளின் புள்ளியியல் இயற்பியலில் சிறப்புச் சார்புகளைப் பயன்படுத்துவது எப்படி

புள்ளியியல் இயற்பியலின் பாடநூல்களில் ஏறத்தாழ எல்லாக் கணக்குகளும் ஒரே திருப்பத்தைக் கடந்தே விடையை அடைகின்றன: ஆற்றல் மட்டங்களின் மீதான கூட்டுத்தொகை, அமைப்பு மிகப் பெரியது என்ற காரணத்தால், ஒரு தொகையீடாக மாற்றப்படுகிறது. துகள்களின் எண்ணிக்கை 10-இன் 23-ஆம் படியில் இருக்கும்வரை இதில் எவருக்கும் குறையில்லை. சில ஆயிரம் அணுக்கள் கொண்ட குளிர்வாயு, சில நானோமீட்டர் அகலமுள்ள குழி, சில நூறு மூலக்கூறுகளைக் கொண்ட கணினிப் பெட்டி ஆகியவற்றில் அந்தத் திருப்பம் விடையின் சில விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. அவ்வாறு தொலைந்த பகுதியை மீட்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. அந்த வழி சுருக்கமானது: கூட்டுத்தொகையைக் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும், அது எந்தச் சிறப்புச் சார்பு (காமா, தீட்டா, ஜீட்டா போலத் தனிப்பெயர் பெற்ற கணிதச் சார்பு) என்று இனங்காண வேண்டும், அந்தச் சார்பு விரைவாக ஒருங்கும் வடிவத்துக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும்.

குறியீடுகளைப் பற்றி ஒரு சொல். இயல் மடக்கையின் அடிமானத்தை 'க' என்ற படிக்கு உயர்த்துவதை அடுக்கு(க) என்று எழுதுகிறேன். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம் வழக்கம்போல் பை.

தொடங்கும் இடம்: காரணீயப் பெருக்கம்

எளிய எடுத்துக்காட்டு, துகள் எண்ணிக்கையின் காரணீயப் பெருக்கம், அதாவது 1 முதல் அந்த எண்வரை எல்லா முழுக்களின் பெருக்கம். அதன் மடக்கைக்கு 'எண்ணிக்கை × அதன் மடக்கை − எண்ணிக்கை' என்ற ஸ்டர்லிங் தோராயத்தை எல்லோரும் மனப்பாடமாக அறிவர். 10 துகள்களுக்கு அது 13.026 தருகிறது, உண்மையான மதிப்பு 15.104. '2 × பை × எண்ணிக்கை' என்பதன் மடக்கையில் பாதியைச் சேர்த்தால் 15.096 ஆகிறது, '12 × எண்ணிக்கை' என்பதன் தலைகீழையும் சேர்த்தால் 15.104 கிடைத்துவிடுகிறது. ஆகவே பத்துத் துகள்கள் 'மிகச் சில' அல்ல; விட்டுவிட்ட உறுப்புகளே பிழைக்குக் காரணம். கணினியில் இதற்குக் காமா சார்பின் (காரணீயப் பெருக்கத்தைப் பின்ன எண்களுக்கும் நீட்டும் சார்பின்) மடக்கையைத் தரும் கட்டளையை நேரடியாக அழைக்க வேண்டும். காமா சார்பைக் கணக்கிட்டுப் பிறகு மடக்கை எடுத்தால், இரட்டைத் துல்லிய எண்களில் 170-க்கு மேற்பட்ட காரணீயப் பெருக்கம் கொள்ளளவை மீறிவிடும். மைக்ரோகெனானிக்கல் தொகுப்பில் (ஆற்றல் மாறாத அமைப்பில்) வேதி நிலையாற்றலைப் பெறுவதற்கு எண்ணிக்கையைப் பொறுத்த வகைக்கெழு தேவைப்படும்போது, ஸ்டர்லிங் தோராயத்தை வகையிடுவதைவிட டைகாமா சார்பை (காமா சார்பின் மடக்கையின் வகைக்கெழுவை) பயன்படுத்துவதே நல்லது.

நடுவான கருவி: தீட்டா சார்பைத் திருப்பிப் போடுதல்

ஒரு பரிமாணப் பெட்டியில் ஒரே ஒரு துகள், சுழற்சி எல்லை நிபந்தனையுடன் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆற்றல் மட்டங்கள், பிளாங்க் மாறிலியின் வர்க்கத்தை நிறையின் இரு மடங்காலும் நீளத்தின் வர்க்கத்தாலும் வகுத்து, குவாண்டம் எண்ணான 'ம'-வின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பவை. ம என்பது நேர், எதிர், சுழி உட்பட எல்லா முழுக்களையும் எடுக்கும். வெப்ப அலைநீளம் என்பது பிளாங்க் மாறிலியை, '2 × பை × நிறை × போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை' என்பதன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் நீளம். பெட்டியின் நீளத்துக்கும் வெப்ப அலைநீளத்துக்கும் உள்ள விகிதத்தை 'வி' என்று குறித்தால், பகிர்வுச் சார்பு, அதாவது எல்லா மட்டங்களின் வெப்ப எடைகளின் கூட்டுத்தொகை, முழுவதும் இந்த ஒரே எண்ணைச் சார்ந்ததாகிறது: அடுக்கு(−பை × ம² ÷ வி²) என்பதன் கூட்டுத்தொகை, எல்லா ம-க்கும். இதுவே யாக்கோபியின் மூன்றாம் தீட்டா சார்பு.

எந்தக் கணக்கிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: நீளம், நிறை, வெப்பநிலை என்று தனித்தனியே திரியும் அளவுகளை ஒரே விகிதமாகச் சுருக்குதல். இதைச் செய்யாமல் நிரல் எழுதத் தொடங்குபவர் பெரும்பாலும் எந்தத் தோராயம் எங்கே பொருந்தும் என்பதை அறியாமலேயே முடிக்கிறார்.

அடுத்ததாக, புவாசோன் கூட்டல் விதி. ஒரு சார்பை எல்லா முழுக்களிலும் கூட்டுவதும், அதன் ஃபூரியர் உருமாற்றத்தை எல்லா முழுக்களிலும் கூட்டுவதும் ஒன்றே என்பது அதன் சாரம். காஸ் வடிவச் சார்பின் உருமாற்றமும் காஸ் வடிவமே என்பதால், மேற்கண்ட கூட்டுத்தொகை 'வி × அடுக்கு(−பை × ம² × வி²) என்பதன் கூட்டுத்தொகை' என்று மாறுகிறது. வி மேலே சென்றுவிட்டதைக் கவனிக்கவும். நேர் வடிவம் குளிர்ந்த, சிறிய அமைப்புக்கு விரைவாக ஒருங்குகிறது. திருப்பிய வடிவம் வெம்மையான, பெரிய அமைப்புக்கு விரைவாக ஒருங்குகிறது. திருப்பிய வடிவத்தில் ம = 0 என்ற ஒற்றை உறுப்பு 'வி' மட்டுமே, அதாவது பாடநூலின் தொகையீட்டு விடை. மற்ற உறுப்புகள் அனைத்தும் அந்தத் தொகையீடு தொலைத்தவை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். வி = 1 எனில் தொகையீடு 1 என்கிறது; சரியான விடை 1.08643. பிழை ஏறத்தாழ 8 விழுக்காடு. வி = 2 எனில் திருத்தம் 2 × அடுக்கு(−4 × பை), அதாவது பத்து லட்சத்தில் 7 பங்கு மட்டுமே. பெட்டியை இருமடங்காக்கியதும் பிழை பத்தாயிரம் மடங்குக்கு மேல் சுருங்கிவிட்டது. சுழற்சி எல்லையுடைய பெட்டியில் அளவுத் திருத்தம் இவ்வளவு விரைந்து மறைவதால்தான், சிறிய பெட்டிகளில் செய்யும் கணினிக் கணக்குகள் பல நேரங்களில் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைகின்றன.

நடைமுறை விதி இப்படி: வி ஒன்றுக்குக் குறைவானால் நேர் வடிவம், ஒன்றுக்கு மேற்பட்டால் திருப்பிய வடிவம். மிகக் கடினமான புள்ளியான வி = 1-இலும் ம = ±1, ±2, ±3 ஆகிய மூன்று சோடிகளும் சுழி உறுப்பும் போதும்; அதற்கு அடுத்த சோடி 10-இன் −22-ஆம் படி அளவிலேயே வருவதால் இரட்டைத் துல்லியம் அதை அறியவே அறியாது. மாறாக, வி = 100 என்ற நிலையில் நேர் வடிவத்தைப் பிடித்துத் தொங்குபவர் அதே துல்லியத்துக்கு ஒவ்வொரு பக்கமும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கூட்ட வேண்டும். சராசரி ஆற்றலும் வெப்ப ஏற்புத்திறனும் தேவைப்பட்டால், தேர்ந்தெடுத்த வடிவத்தை உறுப்பு உறுப்பாக வகையிட வேண்டும். பகிர்வுச் சார்பை இரு அருகருகான வெப்பநிலைகளில் கணக்கிட்டுக் கழிப்பது வீணாகத் துல்லியத்தை இழக்கும் வழி.

சுவர்கள் வந்தால்

பெட்டிக்குக் கடினச் சுவர்கள் இருந்தால் கதை மாறுகிறது. இப்போது குவாண்டம் எண் 1, 2, 3 என்று மட்டுமே ஓடும்; ஆற்றல் மட்டங்கள் முன்னவற்றின் கால் பங்கு இடைவெளியில் அமையும். பகிர்வுச் சார்பு, தகுந்த மாறியில் எடுத்த தீட்டா சார்பிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தது. திருப்பிப் போட்டால் கிடைப்பது 'வி − ½' மற்றும் மிகச் சிறிய மீதி. அந்த அரை, சுவர்கள் கேட்கும் கட்டணம். அது அடுக்குக்குறி வேகத்தில் மறையாது: வி = 10 எனில் தொகையீட்டு விடையில் 5 விழுக்காடு, வி = 100 எனினும் அரை விழுக்காடு. முப்பரிமாணக் கனசதுரத்தில் 'வி − ½' என்பதை மூன்றாம் படிக்கு உயர்த்தினால், கன அளவுக்குரிய முதல் உறுப்புக்குப் பின், மேற்பரப்பை வெப்ப அலைநீளத்தின் வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்த திருத்தம் எதிர்க்குறியுடன் தோன்றுகிறது. வைல் கண்டறிந்த மேற்பரப்புத் திருத்தம் இதுவே. சுவரில் அலைச்சார்புக்குப் பதிலாக அதன் சரிவு சுழியானால் குறி நேராக மாறும்.

இந்தச் சூத்திரத்தின் வலிமையைக் காண வி = 1 என்ற புள்ளியே போதும். மட்டங்களை நேரடியாகக் கூட்டினால் 0.45594, 0.04321, 0.00085 என்ற மூன்று உறுப்புகள் சேர்ந்து 0.50000 ஆகின்றன. திருப்பிய வடிவமோ எதையும் கூட்டாமலேயே 1 − ½ = 0.5 என்கிறது, இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஐந்தாம் தசம இடத்துக்கு அப்பால்தான். ஒரு பக்கம் மூன்று குவாண்டம் மட்டங்கள் மட்டுமே இயங்கும் குளிர்ந்த பெட்டி. மறுபக்கம் செவ்வியல் வாயுவும் ஒரு சுவர்த் திருத்தமும். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்வதை முதன்முறை கையால் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு நம்பிக்கை பிறக்கச் சற்று நேரமாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வி = 0.2 போன்ற குளிர்ந்த நிலையில், நூலகத்தின் தீட்டா சார்பை அழைத்து ஒன்றைக் கழித்தால், தீட்டாவின் மதிப்பு 1.0000000059 என்ற அளவில் இருப்பதால், கழித்தலில் எட்டு இலக்கங்கள் பறிபோகின்றன. அப்போது தீட்டாவை மறந்துவிட்டு மட்டங்களையே கூட்ட வேண்டும்; முதல் உறுப்பே முழு விடை.

கூட்டுத்தொகையிலிருந்து தொகையீட்டுக்குச் செல்ல ஆய்லர்–மெக்லாரின் சூத்திரத்தைப் பலர் முதல் கருவியாகப் பரிந்துரைப்பதுண்டு. அதைக் குறை கூறுவதற்கில்லை; சுழலும் நேர்கோட்டு மூலக்கூறின் பகிர்வுச் சார்புக்கு, வெப்பநிலையைச் சுழற்சி வெப்பநிலையால் வகுத்த விகிதம், அதனுடன் மூன்றில் ஒரு பங்கு, பிறகு அவ்விகிதத்தின் தலைகீழில் பதினைந்தில் ஒரு பங்கு என்று அது அழகான தொடரைத் தருகிறது. ஆனால் சுழற்சி எல்லையுடைய பெட்டிக்கு அதே சூத்திரம் எல்லாத் திருத்தங்களும் சுழி என்று சொல்லும். அடுக்குக்குறியாகச் சிறுத்த திருத்தங்கள் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அச்சூத்திரம் சுழி என்றால் 'திருத்தம் இல்லை' என்று பொருள் கொள்ளாமல், 'புவாசோன் விதியை எடு' என்று பொருள் கொள்ள வேண்டும்.

போசான்கள்: பாலிலாகரிதமும் ஜீட்டாவும்

போசான் (ஒரே மட்டத்தில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கக்கூடிய துகள்) வாயுவில் ஒவ்வொரு மட்டத்தின் நிரப்பளவையும் பெருக்குத் தொடராக விரித்துக் கூட்டினால் பாலிலாகரிதம் தோன்றுகிறது: ஓர் எண்ணின் ம-ஆம் படியை, ம-வை 'வரிசை' என்ற படிக்கு உயர்த்தியதால் வகுத்து, ம = 1, 2, 3 என்று கூட்டும் தொடர். சீரான முப்பரிமாண வாயுவில் அதன் வரிசை 3/2. உறைதல் புள்ளியில் (அணுக்கள் அடிமட்டத்தில் திரளத் தொடங்கும் வெப்பநிலையில்) அதன் மதிப்பு ரீமான் ஜீட்டா சார்பின் 3/2-ஆம் மதிப்பான 2.612. கடினம் அந்தப் புள்ளிக்கு அருகில்தான் எழுகிறது. வேதி நிலையாற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்து எதிர்க்குறியிட்ட எண்ணை 'அ' என்போம். அ = 0.01 எனில், தொடரை நேரடியாகக் கூட்டிப் பத்து இலக்கத் துல்லியம் பெற ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். அதற்கு மாற்றாக, 2.612 − 3.545 × √அ + 1.460 × அ − 0.104 × அ² என்று தொடங்கும் விரிவைப் பயன்படுத்தலாம். அ என்பது 2 × பை-யை விடச் சிறியதாக இருக்கும்வரை அது ஒருங்கும். √அ உறுப்பே இயற்பியலைச் சுமக்கிறது: அதன் சரிவு சுழிப்புள்ளியில் முடிவிலியாவதால், முடிவுறு பெட்டியில் அ ஒருபோதும் முழுச் சுழியை எட்டாமல் சிறு மதிப்பில் நிற்பதே உறைதல் புள்ளியின் கூர்மையை மழுக்கிவிடுகிறது.

சீரிசைப் பொறியில் அடைபட்ட அணுக்களுக்குக் கணக்கு இன்னும் தெளிவானது. வெப்ப ஆற்றலை மட்ட இடைவெளியால் வகுத்த எண்ணை 'வெ' என்று கொண்டால், அடிமட்டத்துக்கு மேலே இருக்கக்கூடிய அணுக்களின் எண்ணிக்கை 1.202 × வெ³ என்று தொடங்கி, அடுத்து 2.467 × வெ² என்று தொடர்கிறது, 1.202 என்பது ஜீட்டாவின் 3-ஆம் மதிப்பு, 2.467 என்பது அதன் 2-ஆம் மதிப்பின் ஒன்றரை மடங்கு. இரண்டாவது உறுப்பே முடிவுறு அளவின் திருத்தம். அது மாறுநிலை வெப்பநிலையை, 0.73-ஐ அணு எண்ணிக்கையின் கனமூலத்தால் வகுத்த விகிதத்தில் தாழ்த்துகிறது. 10 லட்சம் அணுக்களுக்கு இது 0.73 விழுக்காடு, 1,000 அணுக்களுக்கு 7.3 விழுக்காடு. ஆனால் 1,000 அணுக்களுக்கு இரு உறுப்புச் சமன்பாட்டை அப்படியே தீர்த்தால் வெ 9.405-இலிருந்து 8.768-க்கு, அதாவது 6.8 விழுக்காடு மட்டுமே இறங்குகிறது. இந்த இரு எண்களுக்கு இடையிலுள்ள இடைவெளியே, மூன்றாம் உறுப்பும் தேவை என்று எச்சரிக்கிறது. அந்த மூன்றாம் உறுப்பில் வெ-இன் மடக்கை வந்து சேர்கிறது. இத்தகைய சிறு எண்ணிக்கைக்கு நான் மட்டங்களை நேரடியாகவே கூட்டிவிடுவேன்; சில நூறு உறுப்புகளில் வேலை முடிந்துவிடும். ஜீட்டா சார்பு இங்கே விடை தருவதற்காக அல்ல, விடை எண்ணிக்கையோடு எவ்வாறு மாறுகிறது என்று காட்டுவதற்காகவே.

நெடுந்தொலைவு விசைகள்: எவால்டின் பிளவு

மின்னூட்ட விசை போல், நிலையாற்றல் தொலைவின் தலைகீழாகக் குறையும் விசைகளுக்குச் சுழற்சிப் பெட்டியின் அடுக்குக்குறிப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. பெட்டியின் ஒவ்வொரு துகளும் தன் எண்ணற்ற பிம்பங்களோடு வினைபுரிகிறது. அந்தக் கூட்டுத்தொகை அப்படியே ஒருங்குவதில்லை. 1921-இல் எவால்ட் தந்த வழி, மேலே கண்ட திருப்பலின் மறுவடிவமே: தொலைவின் தலைகீழைக் காஸ் சார்புகளின் தொகையீடாக எழுதி, ஒரு புள்ளியில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அப்படியே வைத்து, மறுபாதியை மட்டும் புவாசோன் விதியால் திருப்புவது. முதல் பாதி நிரப்புப் பிழைச்சார்பின் (காஸ் வடிவத்தின் வால் பகுதியின் பரப்பைத் தரும் சார்பின்) கூட்டுத்தொகையாகிறது. இரண்டாவது பாதி தலைகீழ் வெளியில் (ஃபூரியர் உருமாற்றத்தின் வெளியில்) காஸ் சார்புகளின் கூட்டுத்தொகையாகிறது.

கனசதுரப் பெட்டியில், பக்க நீளத்தை ஓரலகாகவும் பிளவு அளவை √பை ஆகவும் எடுத்தால் இரு கூட்டுத்தொகைகளும் ஒரே வேகத்தில் ஒருங்கும். சீரான எதிர்மின் பின்னணியில் உள்ள ஓரலகு மின்னூட்டம் தன் பிம்பங்களால் பெறும் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவோம். நிரப்புப் பிழைச்சார்பின் கூட்டுத்தொகையில் அருகிலுள்ள 6, அடுத்த 12, அதற்கடுத்த 8 பிம்பங்கள் சேர்ந்து 0.0765 தருகின்றன. தலைகீழ் வெளியில் அதே மூன்று கூடுகள் 0.0862 தருகின்றன. தன்வினைத் திருத்தம் −2, பின்னணித் திருத்தம் −1. மொத்தம் −2.8373. ஐம்பத்திரண்டு உறுப்புகளில், அதுவும் சமச்சீரால் வெறும் ஆறு வெவ்வேறு மதிப்புகளில், நான்கு தசம இடங்கள் கைக்கு வந்துவிடுகின்றன.

இந்த எண் மின்னூட்டங்களோடு நிற்பதில்லை. நீர்மங்களின் விரவல் குணகத்தைச் சுழற்சிக் கனசதுரப் பெட்டியில் கணக்கிடும்போது, பாகியல் வழியே எழும் ஓட்டமும் தொலைவின் தலைகீழாகவே குறைவதால், அதே 2.8373 மீண்டும் தலைகாட்டுகிறது. உண்மையான விரவல் குணகத்தைப் பெற, கணினி தந்த மதிப்போடு, வெப்ப ஆற்றலை 2.8373-ஆல் பெருக்கி, '6 × பை × பாகியல் எண் × பெட்டியின் பக்கம்' என்பதால் வகுத்ததைக் கூட்ட வேண்டும். மூலக்கூறு இயக்கவியல் கணக்கு செய்வோரிடையே இத்திருத்தம் 2004-க்குப் பின் இயே, ஹம்மர் ஆகிய இருவரின் பெயரால் பரவலாக வழங்குகிறது. திருத்தம் பக்க நீளத்தின் தலைகீழாகவே குறைவதால், பெட்டியைப் பெரிதாக்கி இதிலிருந்து தப்புவது மிகச் செலவான வழி.

மாறுநிலைப் புள்ளியில்

இருபரிமாண ஈசிங் அமைப்புக்கு (மேலோ கீழோ மட்டும் நோக்கும் தற்சுழற்சிகள் அண்டை இடத்தவற்றோடு வினைபுரியும் காந்த மாதிரிக்கு) ஆன்சாகர் 1944-இல் கண்ட தீர்வில் நீள்வட்டத் தொகையீடுகள் வருகின்றன. முடிவுறு பின்னலமைப்புக்கான சரியான பகிர்வுச் சார்பை காஃப்மன் 1949-இல் தந்தார். 1969-இல் ஃபெர்டினண்டும் ஃபிஷரும் அதிலிருந்து வெப்ப ஏற்புத்திறனின் உச்சம் பக்க நீளத்தின் மடக்கையாக வளர்வதைக் காட்டினர். அந்தப் பாதையில் தீட்டா சார்புகள் மீண்டும் வருகின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு, கையால் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

ஒவ்வொரு தற்சுழற்சியும் மற்ற எல்லாவற்றோடும் சமமாக வினைபுரியும் அமைப்பில், மாறுநிலை வெப்பநிலையில் காந்தமாக்கலின் நிகழ்தகவு அடுக்கு(−எண்ணிக்கை × காந்தமாக்கல்⁴ ÷ 12) என்ற வடிவத்தைப் பெறுகிறது; வர்க்க உறுப்பு சரியாக அந்த வெப்பநிலையில் மறைந்துவிடுவதே காரணம். சராசரிகள் அனைத்தும் காமா சார்பின் கால், முக்கால் மதிப்புகளில் முடிகின்றன. காந்தமாக்கலின் வர்க்கச் சராசரி, '12 ÷ எண்ணிக்கை' என்பதன் வர்க்கமூலத்தை 0.338-ஆல் பெருக்கியது, அந்த 0.338, 1.2254-ஐ 3.6256-ஆல் வகுத்துக் கிடைப்பது. 10,000 தற்சுழற்சிகளுக்கு அதன் வர்க்கமூலம் 0.108. முடிவிலி அமைப்பில் சுழியாக வேண்டியது இங்கே பத்தில் ஒரு பங்கு. இதைக் கண்டு நிரலில் பிழை தேடுபவர்கள் உண்டு. நிரலைச் சோதிக்க வேண்டுமானால் பிண்டர் விகிதத்தை, அதாவது 1-இலிருந்து நான்காம் படிச் சராசரியை வர்க்கச் சராசரியின் வர்க்கத்தின் மும்மடங்கால் வகுத்ததைக் கழித்துப் பெறும் எண்ணைப் பாருங்கள். எண்ணிக்கை பெருகப் பெருக அது இம்மாதிரிக்கு 0.2705-ஐ நோக்கிச் செல்ல வேண்டும்.

வெப்பநிலை மாறுநிலைக்குச் சற்று மேலே நகர்ந்தால் வர்க்க உறுப்பு திரும்பி வருகிறது. நான்காம் படியின் குணகம் 1 ஆகும்படி அளவிட்டு, வர்க்க உறுப்பின் குணகத்தை 'ஆ' என்று கொண்டால், தொகையீடு ½ × √ஆ × அடுக்கு(ஆ² ÷ 8) × கால் வரிசையுடைய இரண்டாம் வகை மாற்றியமைத்த பெசல் சார்பு என்றாகிறது. பெசல் சார்பின் மாறியும் ஆ² ÷ 8 தான். ஆ = 80 என்றாலே அடுக்கு(800) கொள்ளளவை மீறும், பெசல் சார்போ சுழியாகச் சுருங்கும்; பெருக்கினால் பொருளற்ற விடை வரும். இதற்கென்றே பெரும்பாலான கணித நூலகங்களில், பைதான் மொழியின் சைபை உட்பட, அடுக்குக் காரணியை முன்கூட்டியே பெருக்கித் தரும் பெசல் கட்டளை தனியாக உள்ளது; அதையே அழைக்க வேண்டும். மாறுநிலைக்குக் கீழே ஆ எதிர்க்குறி பெறும்போது முதல் வகை மாற்றியமைத்த பெசல் சார்புகள் இரண்டின், கால் வரிசையும் எதிர்க் கால் வரிசையும் உடையவற்றின், கூடுதல் அந்த இடத்தைப் பிடிக்கும். இரு பக்கங்களும் சரியாக எழுதப்பட்டனவா என்று அறிய, ஆ-வை இரு திசையிலிருந்தும் சுழிக்குக் கொண்டுவந்து பாருங்கள்: இரண்டும் காமா சார்பின் கால் மதிப்பில் பாதியான 1.8128-இல் சந்திக்க வேண்டும்.